முதியவர் அமர ஓர் இடம்
இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை

சென்னை மாநகரைக் காண வருவோர் மெரினாவின் விரிந்த மணற்பரப்பைக் கண்டு களிப்பர். சாந்தோம் பேராலயத்தில் முழந்தாளிட்டுச் செபிப்பர். சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் யாத்திரை செல்வர். நகரின் வடபால் திரும்புவோர் மிகச் சிலரே. துறைமுக மதிலை ஒட்டி இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீண்டு செல்லும் இக்கரை, நகருக்கு மீனும் மின்சாரமும் இயந்திரமும் வழங்கிவிட்டு, தனக்கெனப் புகையையும் கரித்தூளையும் வைத்துக்கொண்ட கரை. இங்கே அழகைத் தேடி எவரும் வருவதில்லை. நாமும் அழகைத் தேடிச் செல்லவில்லை.

அறுபதைக் கடந்த ஆண்மக்கள் பகற்பொழுதில் எங்கே அமர்கிறார்கள் என்று காண்பதே நமது நோக்கமாயிருந்தது. கேட்பதற்கு இது சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும், பணி ஓய்வு பெற்ற நாளில் மாலையும் கழுத்துமாக வீடு திரும்பிய தந்தை, ஓராண்டு கழிவதற்குள் கட்டிலுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இடையே ஒடுங்கிப் போவதை நம்மில் எத்தனை குடும்பங்கள் கண்டிருக்கின்றன! தாய்மார்களுக்கு முதுமையிலும் அடுப்படி உண்டு, பேரப்பிள்ளைகள் உண்டு, மாலைச் செபமாலைக்குக் கூடும் அண்டை வீட்டார் உண்டு. ஆண்மகனுக்கோ வேலைத்தலமே நட்பு, வேலைத்தலமே மரியாதை. அது கைவிட்டுப் போனபின் அவருடைய உடல்நலமும் அதனுடனேயே சரியத் தொடங்குகிறது.

நமது பயணத்தை இராயபுரத்தில் தொடங்கினோம். இவ்வூரின் பெயரே புனித இராயப்பரின் பெயரால் வந்தது என்பர். சென்னையில் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலைகளின் மீது கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி ஒன்றுகூட அறையாமல், பலகைகளைத் தேங்காய் நாரினால் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதும்போது உடைந்து போகாமல் வளைந்து கொடுக்கும். அவற்றைச் செலுத்திய கிறிஸ்தவப் படகோட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் உழைப்பில் ஒரு பங்கை ஒதுக்கி எழுப்பியதே புனித இராயப்பர் ஆலயம். 1856ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் இரயில் வண்டி வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டதும் இவ்வூர் நிலையத்திலிருந்துதான். அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது.

துறைமுகம் வந்தது; மசூலாப் படகுகள் மறைந்தன. இவ்வரலாற்றைப் பலரும் அறிவர். அதே துறைமுகம் இவ்வூரார்க்குச் செய்த மற்றொன்றை அறிந்தவர் குறைவு. இக்கரையோரம் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்து செல்கிறது. துறைமுகத்திற்கெனக் கடலுக்குள் நீட்டப்பட்ட கற்சுவர் அந்த மணலைத் தெற்கே தடுத்து நிறுத்திற்று. மெரினா அகன்று விரிந்தது அதனால்தான். வடக்கே மணல் வந்து சேரவில்லை. கடல் கரையை அரித்தது. இராயபுரத்திலிருந்து எண்ணூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் பெரும்பகுதி இன்று மணல் இல்லை, கருங்கற்குவியலே இருக்கிறது. நகரின் தென்பகுதியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மாலையில் காலாற நடந்து, நண்பர்களோடு மணலில் அமர்ந்து அளவளாவுகிறாரே, அந்த மணலில் ஒரு பங்கு வடசென்னைப் பெரியவருக்குச் சேரவேண்டியது என்று சொன்னால் அது மிகையாகாது. கருங்கல்லின் மேல் எழுபது வயதுக்காரர் எவ்வாறு ஏறி அமர்வார்?

காசிமேட்டில் மட்டும் நிலைமை வேறு. மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் நடக்கும் ஏலத்தின் ஆரவாரம் அடங்கி, வெயில் ஏறத் தொடங்கிய வேளையில் நாம் அங்கே சென்றோம். படகுகளுக்குச் சற்று அப்பால், தார்ப்பாய் கட்டிய நிழலில், நீல நிற நைலான் வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்தவாறு ஆறேழு பெரியவர்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் கையிலும் நூல் சுற்றிய வலையூசி. கிழிந்த கண்ணிகளை வெட்டியெறிந்து புதுக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தனர். கடலுக்குச் செல்லும் வலிமை அவர்களுக்கு இப்போது இல்லை. ஆனால் கண்ணியின் அளவு பிசகாமல் முடிச்சிடும் கை இளைஞர்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. படகுக்காரர் இவர்களைத் தேடி வருகிறார், கூலியும் கொடுக்கிறார். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். ஊரே வருமானமின்றி வாடும் அந்நாள்களில் வலைகளையும் படகுகளையும் பழுதுபார்க்கும் வேலை மிகுதி. முதியவர்களின் கைக்கு அப்போது ஓய்வே இல்லை.

அவர்களுள் மூத்தவராகத் தோன்றிய ஒருவரிடம், "ஐயா, இந்த வயதிலும் வர வேண்டுமா? வீட்டில் ஓய்வாக இருக்கலாகாதா?" என்று வினவினோம். அவர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "வீட்டிலே இருந்து என்னா செய்யறது தம்பி? மருமக கூட்டறப்போ காலைத் தூக்கிக்கணும், தொடைக்கறப்போ வெளியே போவணும். இங்கே யாரும் என்னைக் காலைத் தூக்கச் சொல்றதில்லை." அருகிலிருந்தவர்கள் நகைத்தனர். அவருடைய மருமகள் மீது குறை சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. ஓரறை வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அது இடர்ப்பாடே.

நெடுநேரம் அங்கே அமர்ந்திருந்தோம். நாம் கவனித்த ஒன்றைச் சொல்லவேண்டும். அவர்கள் பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கண்கள் வலையின் மேல். பேச்சு மட்டும் பக்கவாட்டில் செல்கிறது. இடையே நீண்ட மௌனம். மீண்டும் ஒரு சொல். அப்பேச்சில் மீன் விலை வருகிறது, மகன் குடிப்பது வருகிறது, மூட்டுவலி வருகிறது. ஒருவர் சொன்ன செய்தி இது. சென்ற ஆண்டு அவர் அடிக்கொரு தரம் எழுந்து மறைவிடம் செல்வதையும், நெடுநேரம் கழித்துத் திரும்புவதையும் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் பல நாள் பார்த்திருக்கிறார். ஒரு நாள் வலையிலிருந்து தலை நிமிராமலே, "எனக்கும் இப்படித்தான் இருந்தது, ஸ்டான்லிக்குப் போனேன், மாத்திரை கொடுத்தாங்க" என்றாராம். அவ்வளவுதான். மறுவாரம் இருவருமாகச் சேர்ந்து மருத்துவமனைக்குச் சென்றிருக்கின்றனர். மனைவியிடமும் மகனிடமும் ஈராண்டுகள் மறைத்த துன்பம் அது.

இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் உள்ள பிராஸ்டேட் சுரப்பி வயது ஏற ஏறப் பருப்பது பெரும்பாலோர்க்கு இயல்பு. இரவில் பலமுறை எழ நேரும். நீர் தடைபட்டுச் சொட்டும். பெரும்பாலும் இது புற்றுநோய் அன்று. எனினும் அதை மருத்துவரே உறுதிசெய்ய வேண்டும். மருந்துண்டு, அறுவை மருத்துவமும் உண்டு. நாணி மறைத்துக் காலம் கடத்தினால் ஒரு நாள் நீர் முற்றிலும் அடைபட்டு, சிறுநீரகமும் கெடக்கூடும். இராயபுரத்தில் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனைக்குச் சென்று பழகிய தாய்மார்களுக்கு மருத்துவமனைப் படிகள் புதியன அல்ல. அவர்களுடைய கணவன்மார்களோ ஆயுளில் முதன்முறையாக அறுபத்தைந்து வயதில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். எந்த வரிசை என்றும் அறியார்.

மாற்கு நற்செய்தியில், யாகப்பரும் அருளப்பரும் படகில் வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஆண்டவரால் அழைக்கப்பட்டதைப் படிக்கிறோம். அவர்கள் உடனே எழுந்து சென்றனர். தந்தை செபதேயுவைக் கூலியாட்களோடு படகிலேயே விட்டுச் சென்றனர். மக்கள் இருவரும் திருத்தூதர் ஆயினர். படகில் எஞ்சிய அம்முதியவரை நாம் நினைப்பதே இல்லை. காசிமேட்டுத் தார்ப்பாய் நிழலில் அவர் நம் நினைவுக்கு வந்தார்.

இத்தகைய நிழலை வெளிநாட்டார் திட்டமிட்டே அமைக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் 1990களில், வேலை ஓய்ந்த ஆண்கள் தனிமையில் நலிவதைக் கண்டவர்கள், ஊர்தோறும் ஒரு பட்டறைக் கொட்டகையைத் திறக்கத் தொடங்கினர். விக்டோரியா மாநிலத்தில் தொங்காலா என்னும் சிற்றூரில் 1998இல் 'ஆண்கள் கொட்டகை' என்னும் பெயரோடே ஒன்று திறக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை உள்ளன. அயர்லாந்தில் 2011இல் இதற்கெனச் சங்கம் கண்டனர். அங்கே மரவேலையும் சைக்கிள் பழுதுபார்ப்பும் நடைபெறும், தேநீர் கிடைக்கும். அறிவுரை கூறுவோர் இல்லை. ஆண்கள் முகத்துக்கு முகம் நோக்கிப் பேச மாட்டார்கள், தோளோடு தோளாக நின்று வேலை செய்யும்போதே மனம் திறப்பார்கள் என்பது அவர்கள் கண்ட உண்மை. காசிமேட்டில் எவரும் திட்டமிடாமலே நடப்பதை அவர்கள் ஆராய்ந்து பெயரிட்டிருக்கின்றனர்.

பசித்த முதியவரைப் பேணுவதில் வடசென்னை யாருக்கும் பின்தங்கியது அன்று. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு என்றால் அறியாதார் இல்லை; திருமணத்துக்குத் துணி எடுப்போர் கூட்டம் அலைமோதும் வீதி. அவ்விரண்டு எழுத்துகளும் மணியக்காரர் சத்திரத்தைக் குறிப்பவை என்பதைத் துணி எடுப்போர் அறிவதில்லை. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782இல், பசித்து வந்தவர்க்குக் கஞ்சி வார்த்த இடமே இச்சத்திரம். ஆங்கிலேயர் வாயில் மணியக்காரர் 'மோனிகர்' ஆனார். 1799இல் அதை ஒட்டி எழுந்த மருத்துவ உதவியே வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. வயது முதிர்ந்தோர் இன்றும் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைப்பதைக் கேட்கலாம். சத்திரமோ ஆதரவற்ற முதியோர்க்கு இல்லமாக விளங்குகிறது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அணையாத அடுப்பு! ஆயினும் அது வீடற்றவர்க்கு வாய்த்த புகலிடம். வீடும் மக்களும் இருந்தும் பகல் முழுவதும் பேச ஒருவரின்றி இருப்பவர் அங்கே செல்ல இயலாது, செல்லவும் விரும்பார்.

அத்தகையோரைத் திருவொற்றியூரில் மிகுதியாகக் கண்டோம். தியாகராசர் கோயிலின் பழம்பெருமை கொண்ட இவ்வூர், சென்ற நூற்றாண்டில் தொழிற்சாலைகளின் ஊராக மாறிற்று. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும், எம்.ஆர்.எஃப். டயரும், விம்கோ தீப்பெட்டியும் இங்கே உருவாயின. அருகே எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள். சங்கு ஊதினால் சைக்கிள்கள் சாரைசாரையாகச் சென்ற வீதிகள் இவை. இன்று விம்கோ நகர் என்பது, 2021 முதல், மெட்ரோ இரயில் நிலையத்தின் பெயர்.

மீனவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் முதுமையில் ஒரு வேறுபாடு உண்டு. மீனவர் கடலை விட்டுச் சிறிது சிறிதாகவே கரையேறுகிறார். தொழிலாளிக்கோ 58ஆம் வயதில் ஒரே நாளில் வாயிற்கதவு சாத்தப்படுகிறது. மறுநாள் காலை அதே வாயிற்காவலர் அவரை உள்ளே விடமாட்டார். கடைசல் இயந்திரத்தில் நூலிழை பிசகாமல் வேலை செய்தவருக்கு வீட்டில் அந்தத் திறமையைக் காட்ட ஒரு திருகாணியும் கிடைப்பதில்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014இல் குறைந்த அளவாக மாதம் 1000 ரூபாய் வரையறுக்கப்பட்டது. ஆலையின் பேரிரைச்சலில் முப்பது ஆண்டுகள் நின்றதால் பலருக்குக் காது மந்தம். "அப்பா யாரோடும் பேசுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார்" என்று வீட்டார் வருந்துவர். அவருக்குக் கோபமன்று, பாதிச் சொற்கள் செவியில் விழுவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்க நாணி வாய் மூடிக்கொள்கிறார். செவிப் பரிசோதனை செய்துகொள்ளும்படி அவரிடம் சொல்ல ஒரு தோழர் அருகில் இல்லை.

இவர்களுக்கு எஞ்சியிருப்பது கேரம் மன்றம். வடசென்னையின் சந்துகளில் ஒரு மின்விளக்கின் கீழ் கேரம் பலகையைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தைக் காணாதவர் இருக்க முடியாது. 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரரே. ஒரு மன்றத்தில் எழுபது வயதுப் பெரியவர், கல்லூரி மாணவனைச் சிவப்புக் காய்க்குத் தவிக்கவிட்டு மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அம்மன்றங்கள் பெரும்பாலும் மாலையிலேயே உயிர் பெறுகின்றன. நண்பகலில் திறந்து இரவு வரை ஆண்மகனை வரவேற்கும் இடமாக இவ்வட்டாரத்தில் நாம் கண்டது ஒன்றே ஒன்று: அரசின் மதுக்கடை. அங்கே தோழமையும் கிடைக்கிறது. அதற்கு வாங்கும் விலைதான் பெரிது.

எண்ணூரை அடைந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. 1970இல் தொடங்கிய பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. எனினும் பிற மின் நிலையங்கள் உள்ளன, அவற்றின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் படிந்திருக்கிறது. முகத்துவாரத்தின் ஆழமற்ற நீரில் இறங்கி, கையால் தடவியே இறால் பிடிப்பது இங்குள்ளோரின் பழந்தொழில். படகு வேண்டாம், பெருவலிமை வேண்டாம். முதியவரும் ஒரு வேளைக் குழம்புக்கு ஈட்டிவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, அந்த நீர் கறுத்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்தார் மூச்சுத் திணறி நடுத்தெருவில் ஓடினர். பீடிப் புகையாலும் கரித்தூளாலும் ஏற்கெனவே நுரையீரல் நொந்த முதியவர் அவ்விரவில் எவ்வாறு ஓடியிருப்பார்? முதியோர் உடல்நலம் என்பதை மாத்திரையும் உடற்பயிற்சியுமாக மட்டும் எண்ணுவோர் எண்ணூருக்கு ஒருமுறை வந்து மூச்சுவிட்டுப் பார்க்கட்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நீதியாகாது. 1978இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு கண்டார். நாட்டிற்கே அது முன்னோடி. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. எண்ணூரிலிருந்து கிண்டி நகரின் மறுகோடி என்பது வேறு செய்தி. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1200 ரூபாயாக உயர்ந்தது. 14567 என்னும் எண்ணில் முதியோர் உதவி கேட்கலாம். ஆனால் சுகாதாரப் பணிப்பெண் கதவைத் தட்டும்போது பாட்டி முன்வந்து கை நீட்டுகிறார். தாத்தாவோ, "எனக்கு ஒன்றுமில்லை" என்று தெருமுனைக்கு நழுவிவிடுகிறார். இரத்த அழுத்தம் வலி தருவதில்லை; எனவே அவருக்கு அது இல்லை!

இனி நம் ஆலய வளாகங்களுக்கு வருவோம். மாதர் சங்கம் உண்டு, இளைஞர் இயக்கம் உண்டு, மரியாயின் சேனை உண்டு. முதிய ஆண்களுக்கோ வின்சென்ட் தே பவுல் சபை ஒன்றே. அதிலும் அவர் கொடுப்பவராக வருவாரேயன்றிப் பெறுபவராக வர நாணுவார். திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஜூலை மாத நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய நாளாக ஏற்படுத்தினார். பல பங்குகளில் அன்று சால்வை போர்த்துகின்றனர், நன்று. சால்வையை மடித்து வைத்தபின் திங்கட்கிழமை அவர் எங்கே போவார்?

ஆண்டில் இருமுறை அவருக்கு நாம் இடம் தரத்தான் செய்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முன் குடில் கட்டும்போதும், திருவிழாவுக்கு முன் சப்பரத்தைச் செப்பனிடும்போதும் கூப்பிடாமலே வந்து நிற்பவர்கள் இப்பெரியவர்கள்தாம். மூங்கிலைப் பிளப்பவர் ஒருவர், விளக்குக் கம்பியை முறுக்குபவர் ஒருவர், இருவரும் செய்வது தவறு என்று சொல்லிக்கொண்டே தேநீர் வாங்கி வருபவர் ஒருவர். அப்பத்து நாள்களில் அவர்களுடைய முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கொடி இறங்கியதும் சப்பர அறை பூட்டப்படுகிறது. சாவி அடுத்த ஆண்டு வரை சக்ரீஸ்தில் தொங்குகிறது.

அந்த அறையை ஆண்டு முழுவதும் திறந்து வைத்தால் போதும் என்று நாம் கருதுகிறோம். கட்டடம் வேண்டா, நன்கொடைப் பட்டியலும் வேண்டா. ஒரு நீள மேசை, சுத்தி, இரம்பம், பற்றவைக்கும் கோல், வலையூசி. பங்கு மக்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் மிக்சியும் மின்விசிறியும் குடையும் நாற்காலியும் தானே வந்து சேரும். மதம் பார்க்கவேண்டியதில்லை, ஆலையில் அவர்கள் அருகருகே நின்றபோது யாரும் பார்க்கவில்லை. மாதம் ஒருமுறை மருத்துவப் பணியாளர் ஒருவர் இரத்த அழுத்தக் கருவியோடு வந்து, உரை எதுவும் நிகழ்த்தாமல் ஓரமாக அமர்ந்திருக்கட்டும். பணி முடிந்து கை கழுவியவர்கள் தாமாகவே கையை நீட்டுவர்.

காசிமேட்டுப் பெரியவரிடம் இதைச் சொல்லி, அவ்வறைக்கு இன்றியமையாதது எது என்று கேட்டோம். சற்றும் தயங்காமல் விடை தந்தார்: "பக்கத்திலேயே கக்கூஸ் இருக்கணும் தம்பி. அது இல்லாட்டா எவனும் அரைமணிக்கு மேலே குந்த மாட்டான்." சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்றும் கேட்டோம். பங்குத் தந்தையிடம் வேண்டாம், அவருக்கு ஆயிரம் வேலை. காலையில் முதல் பூசைக்கு வருகிறவனிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார்.